இரண்டாவது சரணத்துக்கு முன்னால்

சத்தியம்! இதில் ஒரு சொல் பொய்யாக இருந்தால் நாளைக் காலை நான் குடிக்கிற காப்பி கசாயமாகப் போகட்டும், எனக்கு மிச்சமிருக்கிற நாலு பல்லும் அந்தக் காப்பியிலேயே உதிரட்டும். இன்னொரு தரமும் உரக்கச் சொல்கிறேன், பக்கத்து வீட்டுக்காரனுக்கும் கேட்கட்டும்: சத்தியம். இன்னொருத்தன் மண்டைக்குள் ஓடினது உனக்கு எப்படித் தெரியும் என்று குறுக்குக் கேள்வி கேட்கிறவர்கள் இப்போதே எழுந்து போகலாம். தெரியும். அவ்வளவுதான்.

சாலிகிராமத்தில் முனிரத்தினத்தின் சலூன் நாற்காலியில் தெய்வநாயகம் மல்லாந்து கிடந்தார். காது வரைக்கும் சோப்பு நுரை. மோவாய் கூரையைப் பார்த்திருந்தது, கழுத்து மேட்டில் கத்தி ஜில்லென்று உட்கார்ந்திருந்தது. அப்போதுதான் அலமாரியில் பவுடர் டப்பாவுக்கும் சீப்புக் குவளைக்கும் நடுவிலிருந்த ரேடியோவில் அந்தப் பொண்ணு, காலையிலேயே யாரோ கிச்சுக்கிச்சு மூட்டிவிட்டது போலப் பேசுகிற பொண்ணு, அடுத்து நம்ம எல்லாருக்கும் பிடிச்ச பாட்டு என்றாள், கிடாரின் முதல் தட்டிலேயே அவர் நாற்காலிக் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். நிறுத்து. முனி, நிறுத்துடா அதை. சொல்ல வாயைத் திறந்தால் நுரை உள்ளே போகும், தொண்டை அசைந்தால் கத்தி உள்ளே போகும். இந்தக் கடைக்கு அவர் வருவதே இங்கே டிவி மட்டும் இருக்கிறது, டிவியில் செய்தி மட்டும் ஓடுகிறது என்பதால்தான். எந்த ஊரில் எந்தப் பாலம் இடிந்தாலும் கேட்டுக்கொண்டு நிம்மதியாகச் சவரம் செய்துகொள்ளலாம். இன்றைக்குப் பார்த்து ரோடு தோண்டுகிற புண்ணியவான்கள் கேபிளை அறுத்திருக்கிறார்கள், இன்றைக்குப் பார்த்து முனி எங்கிருந்தோ ரேடியோவைத் தூசி தட்டி எடுத்திருக்கிறான். ‘பூட்டாத வீட்டில்’. ஆரம்பித்துவிட்டது. இனி நிற்காது. கிடார் முடிந்து பல்லவி, புல்லாங்குழல், முதல் சரணம், மறுபடி பல்லவி, வயலின்கள், பிறகு அந்த இடம். இரண்டாவது சரணத்துக்கு முன்னால் ஒரு மூச்சு வரும். வர வேண்டும். வருமா? பாட்டு கம்பெனிக்காரர்கள் பழைய பாட்டையெல்லாம் ஏதோ கம்ப்யூட்டரில் போட்டு அலசிப் பிழிந்து புதிதாக விட்டிருக்கிறார்களாம், கண்ணாடி மாதிரி இருக்கு சார் என்று இசையமைப்பாளர் ஜோயல் போனில் குதித்தான், அன்றையிலிருந்து இந்தப் பாட்டு காதில் விழாமல் ஓடிக்கொண்டிருக்கிறார் மனிதர். டீக்கடையில் கேட்டால் டீயை வைத்துவிட்டு நடக்கிறார், கல்யாண வீட்டில் மேளக்காரர்களுக்குப் பக்கத்திலேயே உட்காருகிறார். கண்ணாடி மாதிரி என்றால் கம்ப்யூட்டரில் அலசினவன் மூச்சை எடுத்திருப்பான். எடுக்காமலும் விட்டிருப்பான். கேட்டுப் பார்க்காத வரைக்கும் இருக்கிறது. கேட்டுவிட்டால் இருக்கும், அல்லது இருக்காது.

அந்த மூச்சு அவர் பெண்டாட்டி மங்கையர்க்கரசியுடையது. பாட்டு அவளுடையது இல்லை. பாட்டு மும்பையிலிருந்து பறந்து வந்து தமிழை இந்தியில் எழுதி வைத்துப் பாடிவிட்டுச் சாயங்கால விமானத்தில் திரும்பிப் போன ரித்திமாவுடையது. அதற்கு முன்னால் பாடிக் காட்டுகிற டிராக் இருக்கிறதே, பெரிய பாடகி வருவதற்குள் மெட்டு எப்படி வரும், எந்தச் சொல்லில் ஏறும், எங்கே இறங்கும் என்று காட்ட ஒரு ஆளைப் பாட வைத்துப் பதிவு பண்ணுவார்களே, அதைப் பாடியவள் அரசி. ஊரிலிருக்கிற பாதிப் பாட்டுக்கு அவள் டிராக் பாடியிருக்கிறாள். பெரிய பாடகி வந்து, காதில் மாட்டிக்கொண்டு, அரசி பாடியதைக் கேட்டுக்கேட்டு அதன்மேலேயே பாடுவாள். பாடி முடித்ததும் அரசியின் குரலை அழித்துவிட வேண்டும். அதுதான் வழக்கம். வெளியே கசிந்துவிட்டால் கம்பெனிக்கு வம்பு. அழிக்கிறவர் ஒலிப்பதிவாளர். ஒலிப்பதிவாளர் தெய்வநாயகம். சாரோட வீட்டுக்காரம்மா பாடினதை சாரே அழிக்கிறாரு பாருங்க என்று ஸ்டூடியோவில் டீ கொண்டுவருகிற கோதண்டம் சிரிப்பான், அரசியும் கூடச் சிரிப்பாள், வீட்ல நான் போடற கோலத்தையும் இவருதான் மிதிக்கிறாரு என்பாள். ஸ்டூடியோவுக்குள் நுழைந்துவிட்டால் அவருக்கு அவள் மேடம், அவளுக்கு அவர் சார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று, சார், இப்ப சரியா இருந்துச்சா என்பாள், கேலியை உதட்டில் ஒளித்துவைத்துக்கொண்டு. இந்தப் பக்கம் அவர் பித்தானை அழுத்திச் சொல்வார், மேடம், மூச்சு கேக்குது.

மூச்சு கேக்குது. எத்தனை தரம் சொல்லியிருப்பார். வரிக்கும் வரிக்கும் நடுவில் பாடகர்கள் இழுக்கிற மூச்சைத் துண்டு துண்டாக வெட்டி எறிவதில் கோடம்பாக்கத்திலேயே அவரை மிஞ்ச ஆள் கிடையாது. அவர் வெட்டிப்போட்ட மூச்சையெல்லாம் ஒன்றாகச் சேர்த்து ஊதினால் மெரினாவில் நிற்கிற கப்பல் அந்தமானில் போய்த்தான் நிற்கும், பொய்யென்றால் கப்பலைக் கேளுங்கள். நாயகம் சார் கைபட்ட பாட்டில் மனுஷனே இல்லாத மாதிரி இருக்கும் என்று புகழ்வார்கள், புகழ்ச்சிதான் அது, அவரும் கூச்சப்பட்டுச் சிரிப்பார். அரசிக்கோ இழுப்பு. மழை நாள் வந்தால் நெஞ்சில் பூனைக்குட்டி கத்தும். அவள் இழுக்கிற மூச்சுக்கு நுனியில் ஒரு சின்னச் சீழ்க்கை உண்டு, கதவிடுக்கில் காற்று நுழைகிற மாதிரி, மைக் அதை மோப்பம் பிடித்துக் கொண்டுவந்து அவர் காதில் போடும். அதனால்தான் அவளை யாரும் பெரிய பாடகி ஆக்கவில்லை, குரல் இருக்கு, ஆனா அம்மாவுக்கு மூச்சு ஜாஸ்தி என்பார்கள். மூச்சு ஜாஸ்தி. இன்றைக்கு நினைத்தால் —

“சார், மோவாயைத் தூக்குங்க. ஏன் சார் முழுங்கிட்டே இருக்கீங்க? கத்தி நிக்குதுல்ல” என்றான் முனி. கத்தியை எடுத்துக் கட்டைவிரலில் நுரையை வழித்துவிட்டு அவனும் பல்லவியோடு சேர்ந்துகொண்டான். பெஞ்சில் பேப்பரை மடித்து முகத்துக்கு விசிறிக்கொண்டிருந்த ஆட்டோக்காரர் தாமு, “டேய் முனி, சும்மா இருடா. உன் பாட்டைக் கேட்டா சாருக்கு முளைக்கிற முடியும் உள்ள போயிடும். அவரு யாரு தெரியுமில்ல? இந்தப் பாட்டையே பதிவு பண்ணவரு” என்றார். “தெரிஞ்சுதாண்ணே பாடறேன். ஒரு சான்ஸ் குடுக்க மாட்டாரா?” “குடுப்பாரு. காதறுத்து வுட்டேன்னா குடுப்பாரு.” புல்லாங்குழல் வந்துவிட்டது. எல்லாம் எவ்வளவு சீக்கிரம் வருகிறது. இந்தக் குழலை வாசித்தவர் வெற்றிலை போட்டுக்கொண்டு வந்து, துப்ப இடமில்லாமல், வாயில் அடக்கிக்கொண்டே வாசித்தார், அதனால்தான் அந்த இடம் அப்படி அடங்கி வருகிறது என்று பிற்பாடு பெரிய மனுஷர்கள் ராகத்தின் பெயரைச் சொல்லி விளக்கம் எழுதினார்கள். பாட்டா ஓடியது? வெள்ளம் மாதிரி ஊருக்குள் புகுந்தது. பச்சைப்பிள்ளை முதல் பல்லுப்போனவர் வரை முணுமுணுத்தார்கள். திண்டுக்கல்லில் விவாகரத்துக்கு வந்த புருஷனும் பெண்டாட்டியும் கோர்ட்டுக்கு எதிர் டீக்கடையில் இந்தப் பாட்டைக் கேட்டுவிட்டு, ஒரே ஆட்டோவில் ஏறி வீட்டுக்குப் போய்விட்டார்களாம், இரண்டு வக்கீல்களும் சேர்ந்து டீக்கடைக்காரன் மேல் வழக்குப் போட்டார்களாம், நீதிபதி பாட்டை ஒரு தரம் போட்டுக் காட்டச் சொல்லிக் கேட்டுவிட்டுத் தானும் எழுந்து வீட்டுக்குப் போய்விட்டாராம். நடந்தது, நடந்தது. வரியைப் புகழ்ந்தார்கள், மெட்டைப் புகழ்ந்தார்கள், ரித்திமாவின் ஏக்கத்தைப் புகழ்ந்தார்கள். மூச்சைப் பற்றி ஒருத்தரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லாததே அவருக்கு நிம்மதியாக இருந்தது. திருவிழாக் கூட்டத்தில் அவர் மட்டும் அவள் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிற மாதிரி.

முதல் சரணம். ரித்திமா இதைப் பாடின அன்றைக்கு அரசி போய்ப் பதினாறு முடிந்திருந்தது. டிராக் பாடினபோது மழைக்காலம், ஜோயலின் மெட்டுக்கு இன்னும் வார்த்தைகூட முழுசாக வரவில்லை, பாதி வரிக்கு லாலாதான், போட்டுக்கோங்கம்மா உங்க இஷ்டத்துக்கு என்றான். அரசி ஸ்வெட்டரோடு நின்று பாடினாள். இரண்டாவது சரணத்துக்கு முன்னால் நெடுகக் காத்திருக்க வேண்டும், வயலின் முடிகிறதா இல்லையா என்று தெரியாமல் தொங்கும், அங்கே அவள் காத்திருந்து, தலையை லேசாகச் சாய்த்து, இழுத்தாள். நுனியில் சீழ்க்கை. மேடம், மூச்சு கேக்குது. அவள் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று அவரையே பார்த்தாள், கேலி இல்லை அன்றைக்கு, களைப்பு. கேக்கட்டும் சார், உயிரோட இருக்கேன்ல என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். அவரும். ஆட்டோவில் வீடு திரும்பும்போது அவள் வெளிப்பக்கமாக முகத்தை வைத்துக்கொண்டு வந்தாள், ஆட்டோவின் ரெக்ஸின் மழைத்திரை படபடவென்று அடித்தது, அவர் அந்தப் படபடப்பை எந்தப் பாட்டில் வைக்கலாம் என்று யோசித்துக்கொண்டு வந்தார். யோசித்திருக்கிறார்! பக்கத்தில் ஒருத்தி மூச்சுக்கு முட்டுகிறாள், இவர் ரெக்ஸின் சத்தத்துக்குக் காது கொடுத்திருக்கிறார். அந்த மாசக் கடைசியில் ஆஸ்பத்திரி, முகத்தில் பிளாஸ்டிக் மூடி, அதற்குள் அவள் இழுத்தது அவருக்குக் கேட்கவேயில்லை, மிஷினின் சத்தம்தான் கேட்டது. பிறகு வீடு. இரவெல்லாம் பக்கத்தில் கத்துகிற பூனைக்குட்டி இல்லை. வீடு அவர் ஆயுசு பூராவும் ஆசைப்பட்ட மாதிரி சுத்தமாக இருந்தது. ஒரு இரைச்சல் இல்லை. படுத்துப் பார்த்தார், எழுந்து உட்கார்ந்து பார்த்தார், ஃபேனை நிறுத்திப் பார்த்தார். அவ்வளவு நல்ல பதிவை அவர் வாழ்நாளில் கேட்டதில்லை.

ரித்திமா வந்தாள். நல்ல பெண். காதில் மாட்டிக்கொண்டு முதல் தடவை கேட்டவள் கழற்றிவிட்டு, யார் இந்த அம்மா, இவர் இவ்வளவு அழகாகப் பாடியிருக்கும்போது என்னை எதற்குக் கூப்பிட்டீர்கள் என்று இந்தியில் கேட்டாள். ஜோயல் தரையைப் பார்த்தான். நாயகம் சார்தான், டிராக் பாடுறவங்கம்மா, நீங்க ஆரம்பிங்க என்றார். சொல்லிவிட்டுப் பித்தானை அழுத்தினார். தொழில். செத்தவள் காதுக்குள் பாட, இருக்கிறவள் வாய்விட்டுப் பாடினாள், இருவரையும் இவர் இரண்டு விரலால் ஏற்றி இறக்கினார். அதன் பிறகு உட்கார்ந்து ரித்திமாவின் மூச்சுகளை வெட்டினார், களை பிடுங்குகிற மாதிரி, ஒன்று விடாமல். முடிந்ததும் ஜோயல் கேட்டுவிட்டுத் தலையைச் சொறிந்தான். “சார், ரெண்டாவது சரணத்துக்கு முன்னாடி ஏதோ பள்ளமா இருக்கு. ஒரு மணி கிணி போடலாமா? ஏதாச்சும் போடுங்க சார்.” அவன் டீக்குப் போனான். இவர் போட்டார். அரசியின் டிராக்கிலிருந்து அந்த ஒன்றை நகத்தால் கிள்ளுகிற மாதிரிக் கிள்ளி, பள்ளத்தில் வைத்தார். ஜோயல் திரும்பி வந்து கேட்டவன் கையிலிருந்த டம்ளரோடு நின்றுவிட்டான். “என்ன சார் பண்ணீங்க? பாட்டு இப்பதான் சார் கண்ணைத் திறக்குது.” ஒண்ணும் பண்ணலப்பா, கொஞ்சம் இடம் விட்டேன் என்றார் இவர். அத்தோடு எழுந்து வீட்டுக்குப் போயிருக்கலாம். கை சும்மா இருந்ததா? கம்பெனிக்கு அனுப்புமுன் தேவையில்லாததை அழித்து ஒழுங்கு பண்ணுகிற பழக்கம், வீட்டை விட்டுக் கிளம்புகிறவன் விளக்கை அணைக்கிற மாதிரி, கண் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருக்க விரல் பாட்டுக்குத் தட்டியது. டிராக் போய்விட்டது. விரலைப் பார்த்தார். அந்த விரலைத்தான் இப்போதும் நாற்காலிக் கைப்பிடியில் நகம் பதிய அழுத்திக்கொண்டிருக்கிறார். வேறு எங்கே தேடுவது? கல்யாண வீடியோவில் ஆரம்பத்திலிருந்து கடைசிவரை சினிமாப் பாட்டைப் போட்டு மூடியிருந்தான் வீடியோக்காரன், அவள் வாய் அசைகிறது, சிரிக்கிறாள், வேறு எவளோ பாடுகிறாள். போனில் குரல் அனுப்புவாளா என்றால் மாட்டாள், நாள் பூரா மைக்கில கத்திட்டு, தயிர் வாங்கிட்டு வாங்கன்னு சொல்றதுக்கும் ரெக்கார்டிங்கா என்பாள். ஒரு மனுஷியின் மொத்தக் குரலும் போய், ஒரு மூச்சு மிச்சம். அதையும் இன்னொருத்தி பாட்டுக்குள் குடிவைத்திருக்கிறார். பழைய பதிப்பு இன்டர்நெட்டில் எங்கேயாவது கிடக்கும்தான், தேடியும் பார்த்தார், ஒருத்தன் அதன்மேல் மழைச் சத்தத்தைக் கொட்டியிருந்தான், இன்னொருத்தன் கிணற்றுக்குள்ளிருந்து பாடுகிற மாதிரி இழுத்துவிட்டிருந்தான், மூன்றாவதைத் தொடுமுன் கை பின்வாங்கிவிட்டது. ஏனென்றால் அதிலும் இல்லையென்றால்?

மறுபடி பல்லவி. முனி இடது கன்னத்தை முடித்துவிட்டான், காற்றுப்பட்டு அந்தப் பக்கம் மட்டும் குளிர்ந்தது. வலது கன்னத்தில் நுரை காய்ந்து இழுக்கிறது. அம்மா, ரேடியோவில் உட்கார்ந்திருக்கிற பெண்ணே, இந்த இடத்தில் ஒரு விளம்பரம் போடேன், நகைக்கடையோ பல்பொடியோ, யாருக்காவது பிறந்தநாள் வாழ்த்துச் சொல்லேன். வேண்டாம், போடாதே, கேட்டுவிடுகிறேன், எத்தனை நாள் டீயை வைத்துவிட்டு நடப்பது. வெளியே ஒரு லாரி ஹாரன் அடித்தது. அடி, நன்றாக அடி, அந்த இடத்தில் வந்து அடி, கேட்கவில்லை என்று சொல்லிக்கொள்வேன். இல்லை, போய்விடு, தயவுபண்ணிப் போய்விடு. வயலின்கள் ஏறின. எவ்வளவு பளபளப்பு! ஒவ்வொரு நரம்பும் தனித்தனியாகத் தெரிகிறது, வில்லின் உராய்வு இல்லை, நாற்காலி முனகல் இல்லை, ஆட்கள் வாசித்த மாதிரியே இல்லை. நல்ல வேலை. அவராக இருந்தாலும் இப்படித்தான் செய்திருப்பார். அந்த நினைப்பு வந்ததும் அவருக்குத் தெரிந்துவிட்டது. எடுத்திருப்பான். நானாக இருந்தால் எடுத்திருப்பேன். முதலில் அதைத்தான் எடுத்திருப்பேன். வயலின் தொங்குகிறது. முனி தீட்டுகிற தோல்வாரில் கத்தியைத் தடவிக்கொண்டிருக்கிறான், தாமு விசிறுவதை நிறுத்திவிட்டார். அரசி, தலையைச் சாய்.

ரேடியோவில் ஒன்றுமில்லை. துடைத்துவிட்ட கண்ணாடி. ஒரு தூசு, ஒரு கீறல் கிடையாது, பள்ளத்தைப் பள்ளமாகவே விட்டிருக்கிறான்.

அந்தப் பள்ளத்தில் முனி மூச்சை இழுத்தான். கத்தியைத் தோல்வாரில் அப்படியே நிறுத்தி, தலையை லேசாகச் சாய்த்து, வாயோரமாக இழுத்தான், நுனியில் ஒரு சின்னச் சீழ்க்கையோடு. பெஞ்சில் பேப்பருக்குப் பின்னால் தாமுவும் இழுத்தார், அதே இடத்தில், அதே நீளத்தில், அவருடைய சீழ்க்கையில் சிகரெட் கரகரப்பு. இழுத்துவிட்டு இரண்டு பேரும் ரித்திமாவோடு சரணத்துக்குள் போய்விட்டார்கள், ஒருவன் கத்தியோடு, ஒருவர் பேப்பரோடு, ஒன்றுமே நடக்காத மாதிரி.

தெய்வநாயகம் கையை உயர்த்தினார். “என்ன சார், பட்டுடுச்சா?” என்று பதறினான் முனி. இல்லையென்று தலையை ஆட்டி, வாயோரத்து நுரையைப் புறங்கையால் ஒதுக்கினார். “முனி. இப்ப, அந்த சரணத்துக்கு முன்னாடி... ஏதோ சத்தம் வரும் இல்ல?” முனி ரேடியோவைப் பார்த்தான், தாமுவைப் பார்த்தான். “என்ன சத்தம் சார்? ஒண்ணும் வராதே. வயலினு, அப்புறம் நேரா பாட்டு.” “நான் இந்தப் பாட்டை ஆயிரம் வாட்டி கேட்டிருக்கேன் சார்” என்றார் தாமு, “அங்க ஒண்ணும் கிடையாது. சும்மா இருக்கும்.” “சும்மாத்தான் இருக்கும் சார்” என்றான் முனியும்.

அவர் மறுபடி மல்லாந்துகொண்டார். கூரையில் ஃபேன் சுற்றியது. போய்விட்டாள். கண்ணாடிக்குள்ளிருந்து அவளைத் துடைத்துவிட்டார்கள், இனி எந்த மிஷினிலும் இல்லை. இப்போது இழுத்தது அவள் இல்லை, முனியின் வாயில் பாக்கு மணக்கிறது, தாமுவின் நெஞ்சு ஓட்டை, அது அவளாக எப்படி ஆகும். ஆகாது. ஆனாலும் எந்த ஊரில் எவன் குளித்துக்கொண்டே இதைப் பாடுகிறானோ, எவள் பாத்திரம் துலக்கிக்கொண்டே பாடுகிறாளோ, அந்த இடம் வந்ததும் தலையைச் சாய்ப்பார்களா? தமக்குத் தெரியாமலே? இழுப்பே இல்லாத நல்ல நெஞ்சுகளெல்லாம் அரசியின் நோவை ஒரு நொடி வாங்கிக்கொண்டு விடுகின்றனவா? இவரால் வெட்ட முடியாத இடத்தில், எவனாலும் வெட்ட முடியாத இடத்தில்? கண்ணோரத்திலிருந்து இறங்கியது காதுப்பக்கம் போய் நுரையில் வழி உண்டாக்கியது. முனி பார்த்தான், துண்டு நுனியால் ஒற்றிவிட்டு, “கன்னம் நனைஞ்சா கத்தி வழுக்கும் சார். கொஞ்சம் அசையாம இருங்க” என்றான். பாட்டு முடிந்து அந்தப் பெண் எதற்கோ சிரித்தாள். வலது கன்னத்துக்குப் புதிதாக நுரை போட ஆரம்பித்தான் முனி.

கேட்டவர்கள் கேட்டதோடு விட்டுவிடுங்கள். அந்தக் கடைப் பக்கம் போனால் சவரம் செய்துகொள்ளுங்கள், தாமுவோடு அரசியல் பேசுங்கள், ஆனால் முனியிடம் இதை மட்டும் சொல்லிவிடாதீர்கள். சொன்னால் அடுத்த தடவை அந்த இடம் வரும்போது யோசிப்பான், யோசித்தால் சரியாக இழுப்பான், சரியாக இழுத்தால் அத்தோடு அவளும் போய்விடுவாள். மீறி எவனாவது உளறித் தொலைத்தால், சொன்னது நான் என்று மட்டும் வாயைத் திறக்காதீர்கள். நானும் அங்கேதான் சவரம் செய்துகொள்கிறேன்.